அம்மா 1985-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர், நானும் தங்கையும் இங்கேயே பிறந்தவர்கள். சட்ட உதவி எங்கே கேட்பது?

அணைக்கரைப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறேன். 2003 நவம்பரில் கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தேன், படித்ததெல்லாம் இந்த மாவட்டத்தில்தான், பி.காம். முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா வவுனியாவில் பிறந்தவர், 1990-ல் எட்டு வயதில் படகில் ராமேசுவரம் வந்து இறங்கியவர், இப்போது ஓசூரில் பெயின்ட் வேலை செய்கிறார்.

சிக்கல் அம்மாவின் பதிவில் இருக்கிறது. அம்மம்மா 1984-ல் மன்னாரிலிருந்து வந்து ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் இருந்தபோது, 1985 ஜனவரியில் அம்மா அங்கே பிறந்திருக்கிறார். 1987-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு 1988-ல் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிப் போனார்கள். மறுபடி சண்டை, 1990-ல் மறுபடி படகு. இரண்டாம் தடவை வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் பிறந்த இடம் மன்னார் என்று பதிவாகிவிட்டது, அதில் அம்மாவின் பெயரும் சேர்ந்துவிட்டது. அப்போது அம்மாவுக்கு ஐந்து வயது, அம்மம்மா கையில் மூன்று பிள்ளைகள், படகில் வந்த களைப்பு. யார் அதைக் கவனித்திருப்பார்கள்?

போன மாதம் ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து சேருகிற நாளில் முகாம் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆதார் இருக்கிறதே என்றேன், அது போதாது என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது ஒருவர் 45,000 ரூபாய் கொடுத்தால் வாக்காளர் அட்டையும் பாஸ்போர்ட்டும் எடுத்துத் தருகிறேன் என்கிறார். அம்மா தோட்டை அடகு வைக்கலாம் என்கிறார், அப்பா வேண்டாம் என்கிறார், வீட்டில் தினமும் இதே பேச்சுதான். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள், 2008 ஆகஸ்டில் பிறந்தவள், அவளுக்கும் நாளைக்கு இதே கதவுதான் சாத்தப்படும்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். எங்களைப் போன்றவர்கள் இலவச சட்ட உதவி கேட்கலாமா, அதற்கும் குடியுரிமை வேண்டுமா? அம்மா இங்கே பிறந்ததற்கு ஏதாவது மதிப்பு உண்டா? யாரிடம் முதலில் போக வேண்டும்? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.


தருமபுரி முகாம் அக்கா எழுதியது:

தம்பி, முதலில் அந்த 45,000 ரூபாய் ஆளிடமிருந்து விலகு. இன்றைக்கே.

என் சித்தி மகன் இப்படித்தான் ஒருவரை நம்பி, பெயரை மாற்றி, வேறு ஊர் முகவரியில் பாஸ்போர்ட் எடுத்தான். விமான நிலையத்தில் பிடித்தார்கள். ஏழு மாதம் உள்ளே இருந்தான். இப்போது வெளியே இருந்தாலும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான், கூலி போகிறது, பஸ் காசு போகிறது, சித்தி பாதியாகிவிட்டார். பணம் வாங்கியவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. உனக்கு உண்மையிலேயே உரிமை இருந்து, அதற்கு முன்னால் பொய்ப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டால், இருக்கிற உரிமையும் சந்தேகத்துக்குள் போய்விடும். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டு.

நானும் முகாமில் பிறந்தவள்தான், 1993-ல், அதனால் உன் அம்மாவுக்கு இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், அந்த 1985 என்கிற வருடத்தைச் சாதாரணமாக நினைக்காதே. சட்ட விவரம் வக்கீல் யாராவது சொல்வார்கள். நான் எங்கள் பக்கத்து வழியைச் சொல்கிறேன்.

அம்மம்மா இருக்கிறார்தானே? அவர் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல். பழைய முகாம் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, 1988-ல் கப்பலில் திரும்பிப் போனபோது கொடுத்த தாள், 1990-ல் வந்தபோது கொடுத்த தாள், எதுவாக இருந்தாலும் கிழிந்திருந்தாலும் எடுத்து வை, லேமினேஷன் மட்டும் செய்யாதே. மன்னார் ஆட்கள் என்கிறாய், வேதக்காரர்களா, அதாவது கிறிஸ்தவர்களா? அப்படியென்றால் அம்மாவுக்கு எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று கேள். கோவில் பதிவேட்டில் பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் எழுதியிருப்பார்கள். நாங்கள் பலருக்கு அப்படித்தான் பிறந்த தேதியையே கண்டுபிடித்தோம்.

அப்புறம், தனியாக அலையாதே. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், நம் ஆட்கள் ஓஃபர் என்று சொல்வது, 1984-ல் செ. சந்திரகாசன் தொடங்கியது, அதில் வேலை செய்கிறவர்களும் முகாம்களிலிருந்தே வந்தவர்கள்தான். பிறப்புச் சான்று எடுக்கிற வேலையில் அவர்களுக்கு நிறையப் பழக்கம். யேசு சபை அகதிகள் பணிக்காரர்களும் இருக்கிறார்கள், பல முகாம்களில் சாயந்திர வகுப்பு நடத்துவார்களே, உன் தங்கை போயிருப்பாள். அந்த டீச்சரிடம் சொன்னால் மேலே யாரைப் பார்ப்பது என்று சொல்லிவிடுவார். முகாம் தலைவரிடமும் சொல்லிவை. அவரைச் சுற்றிக்கொண்டு போனால் பின்னால் மனக்கசப்பு வரும், சேர்த்துக்கொண்டு போனால் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடம் பேசுவதற்கு ஒரு ஆள் கிடைப்பார்.


காவேரிப்பட்டணத்துக்காரன் எழுதியது:

நான் முகாம் ஆள் இல்லை, உள்ளூர். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சி.ஏ.ஏ. என்கிற குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அகதிகளுக்குக் குடியுரிமை கொடுக்கிறார்கள் என்று டிவியில் சொன்னார்களே, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாமே? என் பிரவுசிங் கடையில் நானே காசு வாங்காமல் போட்டுத் தருகிறேன்.


கிருஷ்ணகிரி வக்கீல் எழுதியது:

காவேரிப்பட்டணம் நண்பரின் நல்ல மனசுக்கு நன்றி, ஆனால் அதில் போட வேண்டாம். 2019-ல் வந்து 2024 மார்ச்சில் விதிகள் அறிவிக்கப்பட்ட அந்தத் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை.

தம்பி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1955-ம் வருடக் குடியுரிமைச் சட்டம் 3-வது பிரிவை ஒரு தடவை நீங்களே வாசியுங்கள், சின்னப் பிரிவுதான். இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உண்டு, அவை உங்களைத் தொடாது. அப்படியானால் 1985 ஜனவரியில் மண்டபத்தில் பிறந்த உங்கள் அம்மா யாரிடமும் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவர் இல்லை. அவர் ஏற்கெனவே குடிமகள். அதை நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி.

இது நான் சொல்லும் கருத்து மட்டும் இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2022 ஆகஸ்டில் இதே பிரிவைக் காட்டி அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அவர் கையில் இருந்த பலம் ஒன்றே ஒன்று, மண்டபத்தில் பிறந்ததற்கான பிறப்புச் சான்று. நம் மாவட்டத்து வழக்குகள் மதுரைக்குப் போகாது, சென்னைக்குத்தான் போகும், ஆனாலும் அது நம் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு, இங்கே எடுத்துக் காட்டலாம்.

இப்போது உங்களைப் பற்றி. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்குச் சட்டம் மாறியது, பிறக்கும்போது தாய் அல்லது தந்தையில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். நீங்கள் பிறந்தது 2003 நவம்பர். அம்மா குடிமகள் என்று நிலைநாட்டினால் நீங்களும் பிறப்பால் குடிமகன்தான். 2005-ல் பிறந்திருந்தால் கதை வேறு.

தங்கையின் நிலைதான் கடினம். 2004 டிசம்பர் 3-ம் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் அப்பா 1990-ல் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர், உயிர் தப்பி வந்த எட்டு வயதுக் குழந்தையைச் சட்டம் அந்தச் சொல்லால்தான் அழைக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள், அண்ணன் குடிமகன், தங்கை இல்லை. எனக்கு இதை எழுதும்போதே சங்கடமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவளுக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 5-வது பிரிவில் 4-வது உட்பிரிவு, விசேஷமான சூழ்நிலை இருந்தால் எந்த மைனர் பிள்ளையையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்கிறது. கட்டாயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, அது அரசின் விருப்பம். ஆனால் மைனர் என்பதற்குப் பொருள் 18 முடியாதவர். வருகிற ஆகஸ்டுக்குள் மனு உள்ளே போக வேண்டும். அம்மாவின் பிறப்பை அதற்கு முன்பே நிரூபிக்க வேண்டும். அதனால் நாளை மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

இலவச சட்ட உதவிக்கு வருகிறேன். 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவு, வழக்குப் போடவோ எதிர்கொள்ளவோ வேண்டியிருக்கும் நபர் என்றுதான் சொல்கிறது, குடிமகன் என்று சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 14, 21 பிரிவுகளும் நபர் என்றுதான் சொல்கின்றன, அருணாசலப் பிரதேசத்தில் தஞ்சம் அடைந்த சக்மா மக்கள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே அகதிகளின் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்றது. இன்னொன்று, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. அதனால் மனுவை உங்கள் பெயரில் போடாதீர்கள், அம்மா பெயரில் ஒன்று, தங்கைக்காக ஒன்று போடுங்கள். கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, தருமபுரியில் இருப்பவர்களுக்கு அங்கேயும் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், எழுத வராதென்றால் அங்கேயே எழுதித் தருவார்கள். பட்டியலில் உள்ள வக்கீல் ஒருவரை நியமிப்பார்கள், அவருக்கு நீங்கள் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால் அங்கேயும் ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது. முதலில் போனில் கேட்க விரும்பினால் 15100, நாடு முழுவதற்கும் ஒரே எண்.

அந்தத் தரகரைப் பற்றி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். குடிமகன் அல்லாதவர் நாட்டுரிமையை மறைத்து பாஸ்போர்ட் வாங்கினால், 1967-ம் வருட பாஸ்போர்ட் சட்டப்படி குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை. உங்களுக்கு நேர்வழி இருக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.


ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. எழுதியது:

வக்கீல் சார் சட்டம் சொல்லிவிட்டார், பிறப்புப் பதிவேட்டைத் தேடுவது எப்படி என்று நான் சொல்கிறேன், முப்பது வருடம் அந்த வேலையில்தான் இருந்தேன்.

எடுத்தவுடனே இணையத்தில் தேடி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1985-ம் வருடத்துப் பதிவெல்லாம் கையால் எழுதியது. பிறப்பு வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, எந்த ஊர் எல்லைக்குள் என்பதைப் பொறுத்துப் பதிவேடு இருக்கும் இடம் மாறும். கிராமப் பதிவேடென்றால் பழையது சார்பதிவாளர் அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ இருக்கும், பேரூராட்சி எல்லையென்றால் பேரூராட்சியிலேயே இருக்கும். மூன்று இடத்திலும் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அங்கே பிரசவப் பதிவேடு தனியாக இருக்கும்.

தேடும்போது பிள்ளையின் பெயரை வைத்துத் தேடச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் பிறந்த சில நாளில் பதிவு போய்விடும், பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும், பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும். தாய் தகப்பன் பெயரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேதி முன்னே பின்னே இருக்கலாம், அதனால் 1984 டிசம்பரிலிருந்து 1985 மார்ச் வரை பார்க்கச் சொல்லுங்கள். எழுத்தும் மாறியிருக்கும், இலங்கைப் பெயர்களை இங்கே எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள்.

எங்கேயும் இல்லையென்றால் இல்லை என்பதற்கு ஒரு சான்று எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தச் சான்று இருந்தால்தான் தாமதப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனுப் போட முடியும். அதற்கு ஞானஸ்நானப் பதிவு, பழைய முகாம் அட்டை, பள்ளிச் சான்று எல்லாம் துணை ஆவணங்கள். அம்மா படித்தாரா? படித்திருந்தால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த இடம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மன்னார் என்று இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் காட்டாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எதையும் மறைக்க வேண்டாம், ஆனால் வக்கீலிடம் முதலில் காட்டி ஏன் அப்படிப் பதிவானது என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் முகாம் என்று எழுதியதும் ஒன்று நினைவு வந்தது. அந்த முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம். போனவர்களும் அந்த வழி, வந்தவர்களும் அந்த வழி.


அணைக்கரைப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு பதிலாக வாசித்தேன். நான் ஏற்கெனவே குடிமகளா என்று மூன்று தடவை கேட்டார். தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், தோடு காதிலேயே இருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, சில வருடம் முன்பு முகாமில் பலர் சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளுக்குப் பதிவு செய்தார்கள். எங்கள் வீட்டிலும் எனக்கும் தங்கைக்கும் படிவம் நிரப்பி வைத்திருக்கிறார்கள், கொடுக்கவில்லை. அதைக் கொடுக்கலாமா? இரண்டு, அப்பாவுக்கு ஏதாவது வழி உண்டா? அவருடைய அப்பா ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போனவர், மூதாதையர் சேலம் ஜில்லா என்று சொல்வார்கள்.


கிருஷ்ணகிரி வக்கீல் எழுதியது:

அந்தப் படிவத்தை இப்போது கொடுக்காதீர்கள், கிழித்தும் போடாதீர்கள், என்னிடமோ நியமிக்கப்படும் வக்கீலிடமோ காட்டுங்கள். காரணம் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு. இந்தியக் குடிமகன் ஒருவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அதனால் அம்மாவிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது, 18 வயதுக்குப் பிறகு எப்போதாவது இலங்கைக் குடியுரிமைக்குத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாரா என்பது. சின்ன வயதில் பெற்றோர் எதையாவது பதிந்திருந்தால் வாதாட இடம் இருக்கிறது. வாங்கவே இல்லை என்றால் பாதை சுத்தம். ஊருக்குத் திரும்பிப் போக நினைப்பவர்களுக்கு அந்தப் பதிவு அவசியமான ஒன்றுதான், அதைக் குறை சொல்லவில்லை. எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவின் விஷயம் மலையகத் தமிழர் விஷயம், அதாவது இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வம்சத்தினர் விஷயம். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. தாத்தா அப்போது இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டாரா, ஏதாவது தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய வம்சாவளியினர் என்ற அடிப்படையில் முகாம்வாசிகள் 65 பேர் போட்ட வழக்கில் 2019 ஜூன் 17-ம் தேதி மதுரைக் கிளை, அவர்களுடைய விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் இது நீண்ட பாதை, அம்மாவின் வேலையை முடித்துவிட்டு இதை எடுப்போம். இப்போதைக்கு அப்பா பயப்பட வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தபோதே, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் அடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். விலக்கு வேறு, குடியுரிமை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.


வவுனியாத் தம்பியின் அண்ணன் எழுதியது:

படிவத்தைப் பற்றி வக்கீல் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். என் தம்பி குடும்பத்தோடு ஊருக்கே போவதென்று முடிவு எடுத்தான், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் டிக்கெட் கொடுத்து உதவியது. இங்கே பிறந்த அவன் பிள்ளைகளுக்கு அந்தத் தூதரகப் பதிவு இருந்ததால்தான் அங்கே பள்ளியில் சேர்க்க முடிந்தது. நான் போகவில்லை, என் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் செய்தோம் என்று நினைக்கிறேன். உங்கள் அம்மம்மா ஊருக்குப் போக ஆசைப்படுகிறாரா என்பதையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், வயதானவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.


அணைக்கரைப் பையன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், என்னைப் போல இருப்பவர்களுக்கு உதவும்.

அம்மாவும் நானும் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போனோம். உள்ளே நுழையவே அம்மாவுக்குப் பயம், முகாம் அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். சட்டப் பணிகள் அலுவலகத்தில் இருந்த அம்மா ஒருவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நாங்கள் சொல்லச் சொல்ல மனுவை எழுதிக்கொண்டார். நீங்கள் எந்த நாட்டவர் என்று யாரும் கேட்கவில்லை, என்ன பிரச்சினை என்றுதான் கேட்டார்கள். அடுத்த வாரமே ஒரு வக்கீலம்மா நியமிக்கப்பட்டார். தங்கைக்கான மனுவையும் அவரே பார்க்கிறார், ஆகஸ்ட் என்பதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.

அம்மா 18 வயதுக்குப் பிறகு எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை, அது உறுதி.

அம்மம்மாவின் பெட்டியில் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. ஆனால் தங்கச்சிமடத்தில் ஒரு கோவிலில் அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொன்னார், ஓஃபர் அண்ணா ஒருவர் அங்கே தெரிந்தவர் மூலமாகக் கேட்டு, பதிவேட்டில் 1985 பிப்ரவரியில் பதிவு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தாய் தகப்பன் பெயர் சரி, பிறந்த தேதி சரி, பிறந்த இடம் மண்டபம் முகாம் என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவே இல்லை, சந்தோஷத்தில் மறந்துவிட்டோம்.

வரும் வியாழக்கிழமை நானும் அம்மாவும் ராமநாதபுரம் போகிறோம், வி.ஏ.ஓ. ஐயா சொன்ன மூன்று இடத்திலும் தேடிவிட்டு, கோவிலில் சான்றும் வாங்கி வருவதற்கு. இரண்டு ராத்திரி வெளியே தங்க வேண்டியிருக்கும் என்று ஆர்.ஐ.யிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஊருக்குப் போகிறாயா என்று அம்மம்மாவிடமும் கேட்டேன் அண்ணா. வீட்டைப் பார்த்துவிட்டு வர ஆசை, இருக்க ஆசை இல்லை என்றார்.

ஒரே ஒரு கவலை. ஞானஸ்நானப் பதிவில் அம்மாவின் பெயர் மரியா என்று தொடங்குகிறது, முகாம் அட்டையிலும் ஆதாரிலும் வீட்டுப் பெயர்தான் இருக்கிறது. இது பிரச்சினை ஆகுமா?


கிருஷ்ணகிரி வக்கீல் எழுதியது:

ஆகலாம், ஆனால் சரிசெய்யக் கூடியதுதான். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று அம்மா ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் அம்மம்மாவின் உறுதிமொழி. பெற்றவர் அவர், எந்த இடத்தில், யார் பிரசவம் பார்த்தார்கள், என்ன பெயர் வைத்தோம், 1990-ல் மன்னார் என்று பதிவானது எப்படி என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ராமநாதபுரம் கிளம்புவதற்கு முன்பே இதை முடித்துவிட்டால் நல்லது, கோவிலிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் காட்ட உதவும். அம்மம்மாவால் மாடி ஏற முடியாதென்றால் கீழேயே உட்காரவைத்து நோட்டரியை வரச் சொல்லலாம், உங்கள் வக்கீலம்மாவிடம் சொல்லிவிடுங்கள். புதன்கிழமை காலை பத்தரைக்கு நானும் கோர்ட்டில்தான் இருப்பேன்.